மரியாதைக்கு எழுதிய பெயர்

லெஸ்னிக், நெப்ராஸ்கா
நவம்பர் 14

அன்புள்ள ஜோலின்,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூன்று நாளாக ஓயாத காற்று. வரும் சனிக்கிழமை சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு உன்னோடு இருக்க ஃபீனிக்ஸுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஃபோனில் என்றால் பாதியில் நீ அழுவாய், நானும்தான்.

போன வாரம் இங்கே மேயர் தேர்தல். யாருமே போட்டியிடவில்லை. அப்படியானால் வாக்குச் சீட்டில் அவரவர் விரும்பும் பெயரை எழுதிப் போடலாம் அல்லவா? நான் டிராக்டர் பட்டறை ரூடி ஷிமெக் பெயரை எழுதினேன். சீட்டுகளை எண்ணிய நகராட்சி எழுத்தர் லோரெய்ன் நேராக வீட்டுக்கு வந்தாள். எழுபத்தொரு சீட்டில் அறுபத்து மூன்றில் என் பெயர்! "நீங்க பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைங்கதானே டீச்சர்? எல்லாரும் ஒரே தப்பைப் பண்ணி வச்சிருக்காங்க" என்று சிரித்தாள்.

ரூடியைப் பிடித்துக் கேட்டேன். அறுபது வயது ஆள், தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். "ஊரை விட்டுப் போறீங்களேன்னு ஒரு மரியாதைக்கு எழுதினேன் டீச்சர். மத்தவங்களும் அதையே எழுதித் தொலைப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றான்.

இந்த ஊருக்கு 'போகாதே' என்று சொல்லத் தெரியாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் டாக்டர் கிளம்பியபோது யாராவது தடுத்தார்களா? பதினோரு வீட்டிலிருந்து கேக் போயிற்று. காரைக் கழுவிக் கொடுத்தார்கள். அதன்பிறகு ஒரு வருடம் இருமினால்கூட நாற்பது மைல் போனார்கள்.

நகர சபையில் ஏற்கெனவே இரண்டு இடம் காலி. நானும் மறுத்தால் தீர்மானம் போட ஆள் போதாது, ஊரைக் கலைத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்கிறாள் லோரெய்ன். குடிநீர்க் குழாய்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. யார் கேட்பார்கள்?

அந்தக் காலத்தில் ரயில் பாதையை மூன்று மைல் தள்ளிப் போட்டபோது இந்த ஊரே எழுந்து நடந்தது. வீடுகளை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, குதிரை பூட்டி, உறைந்த மண்ணில் இழுத்து வந்தார்கள். மாதா கோயில் வந்து சேர ஒன்பது நாள். நடுவில் ஞாயிறு வந்ததால், வெட்டவெளியில் நின்ற கோயிலிலேயே பூசை கண்டுவிட்டு, திங்கட்கிழமை மறுபடி இழுத்தார்கள். முப்பத்தாறு வருடம் இதை வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். இழுக்க முடியாமல் வழியில் உட்கார்ந்துவிட்டவர்களும் இருந்திருப்பார்களே! அவர்களைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. இப்போது எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஜோலின், நேற்று காலை மேயர் பதவிக்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தது தவறு. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்; நானும் உடனே சரி என்றிருப்பேன். அவ்வளவு களைப்பு.

பதவி இரண்டு வருடம்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். எனக்கு எழுபத்தாறு, கணக்கு உனக்கும் தெரியும். கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளாதே, நன்றாகத் திட்டிவிடு. கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். கிறிஸ்துமஸுக்கு வா. இடையில் ஃபோனில் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால், நம்பாதே, முன்னதாகவே வா.

உன் அம்மா,
வெர்னா