ஹார்ஷம் போகும் வழி

திண்டுக்கல்,
3.5.2025

அன்புள்ள விக்னேஷ்குமாருக்கு,

மாறனின் அம்மா காளீஸ்வரி எழுதுகிறேன். பத்து மாதமாக உன்னோடு பேசாதவளின் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடுவாய் என்று தெரியும். பிரிக்காமல் வைத்துவிடாதே. வியாழக்கிழமை மெல்பர்னுக்குத் திரும்பும் மன்சூரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், நீ படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

கால் எப்படி இருக்கிறது? கம்பி வைத்த இடத்தில் குளிர் வந்தால் வலிக்கிறதாம், மன்சூர் சொன்னான். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். இங்கே நாளைக்கு அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. எங்கள் ஆர்.எம். காலனியில் ஒன்பது நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. ஏழாம் வகுப்புப் பேப்பர்களை எல்லாம் திருத்திக் கொடுத்துவிட்டேன். எனக்குச் செய்வதற்கு வேலை எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேனோ என்னவோ.

மாறன் அப்பா கடைக்குப் போகிறார், வருகிறார். சொட்டுநீர்க் குழாய் வாங்க வரும் ஒட்டன்சத்திரத்து ஆட்கள் “ஏனுங்க, தம்பி வெளிநாட்டுல சௌக்கியமுங்களா?” என்று இன்னும் கேட்டுவிடுகிறார்களாம். எல்லாருக்கும் சேதி போய்ச் சேரவில்லை. இவரும் “சௌக்கியம்தான்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார். வெஞ்சனத்தைத் தொட மாட்டார். வெறும் ரசம் சோறுதான்.

உன் அம்மா நாகஜோதி வெள்ளிக்கிழமைதோறும் சின்னாளப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறார். இது உனக்குத் தெரியுமா? உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்காருகிறார். எதுவும் கேட்பதில்லை. “சாப்டியா தாயி?” என்பார். நான் “ம்” என்பேன். செத்த நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் இவர் பொறுக்காமல், “ஒம் மகன் உசுரோடதான இருக்கான்? அப்புறம் எதுக்கும்மா எங்க மொகத்துல வந்து முழிக்கிற?” என்று கேட்டுவிட்டார். உன் அம்மா எழுந்து நின்று, “ஆமாங்கய்யா, எம்மகன் உசுரோட இருக்கான். அதான் வாரேன்” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். விக்னேஷ், என்னால் உன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகனை இழந்தவள், அதனால் பார்க்கமாட்டேன் என்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அப்படியே நினைக்கட்டும் என்று நானும் பத்து மாதமாக விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் அங்கிருக்கும் அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு படிவம் வந்தது. இறந்தவரின் பெற்றோர் தங்கள் இழப்பைப் பற்றி நீதிபதிக்கு எழுதலாமாம். மாறன் அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். உனக்கு எங்கள் பிள்ளையின் உயிர்மேல் அக்கறை இல்லை, ஊர் சுற்றும் ஆசையில் எங்கெங்கோ வண்டியைத் திருப்பினாய், சட்டத்தில் எவ்வளவு இடமிருக்கிறதோ அவ்வளவு தண்டனை கொடுக்க வேண்டும் என்று. அவர் சொன்னது கோபத்தில் வந்த பேச்சு, முன்னுக்குப் பின் முரணாக இருந்தது. அதை ஒழுங்குபடுத்தி, நல்ல வார்த்தைகளாகத் தேடிப் போட்டவள் நான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். உன் வக்கீல் உனக்கு வாசித்துக் காட்டியிருப்பார். அதைக் கேட்டுக்கொண்டு நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கெங்கோ வண்டியைத் திருப்பியது நீ இல்லை என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். இதுவரை நான் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதியாவது பார்க்கிறேன்.

நீயும் மாறனும் மன்சூரும் சேர்ந்து போட்ட திட்டம் எனக்கு மனப்பாடம். மாறன் அதை அட்டவணையாகப் போட்டு அனுப்பியிருந்தான். மெல்பர்னிலிருந்து கிளம்பிக் கடலை ஒட்டியே போவது. முதல் நாள் லோர்ன், இரண்டாம் நாள் கடலுக்குள் நிற்கும் அந்தப் பாறைகளைப் பார்த்துவிட்டு வார்னம்பூல், மூன்றாம் நாள் நீல ஏரி இருக்கும் மவுண்ட் கேம்பியர், அப்புறம் அடிலெய்ட். மூன்றாம் நாளைக்கு நேராக மூன்று மணி நேரப் பயணம், மீதி ஓய்வு என்று போட்டிருந்தான். லைசென்ஸ் உன் ஒருவனிடம்தான் இருக்கிறது என்பதால், “விக்கி அண்ணன் தூங்கும் நேரம்” என்றுகூட அதில் ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

மொக்கைச்சாமி என் பெரியப்பா மகன். அங்கே போய் இருபது வருஷம் ஆகிறது, அங்கே எல்லாருக்கும் அவர் ‘சாமி’. அவர் இருக்கும் ஹார்ஷம், வரைபடத்தில் உங்கள் வழிக்கு மேலே விரற்கடை தூரத்தில் இருந்தது. அண்ணன் மகள் தமிழ்மதி மாறனுக்கு முறைப்பெண். இந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போ என்று சொன்னால் மாறன் போனை வைத்துவிடுவான். அண்ணனுக்கும் மனசில் ஆசை இருந்தது, ஆனால் பெண்ணைப் பெற்றவர் தானாகக் கேட்க மாட்டார். ஆகவே, ஊர் சுற்றப் போகிற பிள்ளைகள் வழியில் மாமா வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனதாக இருக்கட்டும், அவர்களும் இவனைப் பார்க்கட்டும், இவனும் அவளைப் பார்க்கட்டும் என்று கணக்குப் போட்டேன். மாறனிடம் மாமா வீட்டுக்குப் போய்விட்டு வா என்று மட்டும் சொன்னேன். அண்ணனிடம்கூட நான் சொல்லி வருகிறீர்கள் என்று காட்டிக்கொள்ளவில்லை, நீங்களாக வந்தீர்கள் என்றுதான் அவர் நினைத்தார். “முடியாதும்மா, வழியிலேயே இல்ல. விக்கி அண்ணன் ஒருத்தர்தான் ஓட்டுறாரு” என்று அவன் அப்போதே சொல்லிவிட்டான்.

என் மகன் சரியாகத்தான் சொன்னான். நான் அவனை விட்டுவிட்டு உனக்குப் போன் செய்தேன். “அப்பு, நீதான் மூத்தவன், நீ சொன்னா கேப்பான்” என்றேன். பெண் விஷயத்தைச் சொல்லி, அவனிடம் மூச்சுக் காட்டாதே என்று கேட்டுக்கொண்டேன். நீ தயங்கினாய். “அம்மா, அது சுத்துவழிம்மா, முந்நூறு கிலோமீட்டர் கூடுதலா வரும்” என்றாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? “அங்க ரோடெல்லாம் வழுவழுன்னு இருக்குமேப்பா. நாங்க மதுரைக்குப் போயிட்டு வாரதுக்கே இம்புட்டுப் பாடு” என்றேன். கணக்கு வாத்தியார் நான். முந்நூறு என்ற எண் என் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. கடைசியில் நீ “சரிம்மா, போறோம்” என்றாய். அவனை முகச்சவரம் செய்யச் சொல், நீலச் சட்டையைப் போடச் சொல் என்று அதற்குமேலும் உனக்கு வேலை வைத்தேன்.

அன்று காலை வார்னம்பூலில் மாறன் தாடியை எடுத்துவிட்டு வந்து நின்றதும், “என்னடா மாப்ள, கங்காரு வீட்ல சம்பந்தம் பேசப் போறியா?” என்று மன்சூர் கேட்டானாம். நீ சிரிக்கவில்லையாம். இதை மன்சூர் போன வாரம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னான். சொல்லிவிட்டு, விபத்தில் முறிந்து பிளேட் வைத்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

இதுவரைகூட நான் என்னை மன்னித்திருப்பேன். உறவுக்காரர் ஊருக்கு அத்தனை பக்கத்தில் போகும்போது வீட்டுக்குப் போ என்று எந்தத் தாயும் சொல்வாள். ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. சாப்பிட்டு முடித்து நீங்கள் இரண்டு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். இருட்டுவதற்குள் மவுண்ட் கேம்பியர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். தமிழ்மதி வேலையிலிருந்து வரவில்லை. நீ போனில் எனக்கு எழுதினாய்: “அம்மா, பொண்ணு வர நாலு மணி ஆகுமாம். இங்க அஞ்சேகாலுக்கு இருட்டிரும். அந்த நேரத்துல ரோட்டுல மிருகமெல்லாம் குறுக்க வரும். கிளம்பட்டுமா?” அப்போது இங்கே காலை ஒன்பதரை தாண்டியிருந்தது. முதல் பிரிவேளை முடிந்து அடுத்த வகுப்புக்கு நடந்துகொண்டே பதில் எழுதினேன்: “இம்புட்டுத் தூரம் போயிட்டு பாக்காம வந்தா எப்படிப்பா. இருந்து பாத்துட்டுக் கிளம்புங்க.” நீ “சரிம்மா” என்று எழுதினாய். நான் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வகுப்புக்குள் போய்ப் பின்னங்கள் நடத்தினேன்.

அவள் வந்தாளாம். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். பத்து நிமிஷம் மாறனோடு பேசிக்கொண்டிருந்தாளாம். காரில் ஏறியபின் அவன், “அண்ணே, இது எங்கம்மா வேலையா?” என்று உன்னைக் கேட்டானாம். நீ “சேச்சே, இல்லடா” என்றாயாம். அவன் சிரித்துக்கொண்டே, “இருந்தாலும் பரவால்லண்ணே” என்றானாம். மன்சூர் இதையும் சொன்னான். அதைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, நல்ல மனசோடுதான் சொன்னான்.

அதற்கப்புறம் நாற்பது நிமிஷம்தான். குறுக்கே பாய்ந்த மிருகத்துக்காக நீ வண்டியை ஒடித்தாய், மரம் அவன் பக்கம் இருந்தது. அதை நான் எழுதவில்லை. நீ தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய்.

உன் வக்கீல் உன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம்: அவ்வளவு களைப்போடு, அந்த நேரத்தில், திட்டத்திலேயே இல்லாத சாலைக்கு ஏன் போனாய், யாராவது சொல்லிப் போனாயா என்று. “நானே எடுத்த முடிவு” என்று மட்டும்தான் சொல்கிறாயாம். மன்சூருக்கே ஏதோ சந்தேகம் இருக்கிறது. என்னிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. நீ யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மகனைப் பறிகொடுத்தவளிடம், உங்களால்தான் என்று சொல்லக் கூடாது என்று நினைக்கிறாய். நீ இன்னும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய். நான் உனக்கு எதிராக நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீர்கள் என்று நீ கேட்கலாம். பயம், விக்னேஷ். வேறொன்றுமில்லை. மாறன் அப்பாவுக்கு உன்மேல் இருக்கும் கோபம்தான் காலையில் அவரை எழுப்புகிறது. அதையும் எடுத்துவிட்டால் அவருக்கு என்ன இருக்கும், அந்தக் கோபம் திரும்பி யார்மேல் வரும் என்று பயந்தேன். ஊர் என்ன பேசும் என்பதற்கும் பயந்தேன். அண்ணன் வீட்டில் அந்தப் பெண் இப்போதே சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தனக்காகக் காத்திருந்ததால்தான் என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாளோ என்றும் பயந்தேன். இவை எல்லாமே நிஜமான காரணங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என் பயம் மட்டும்தான்.

நேற்று வெள்ளிக்கிழமை. உன் அம்மா வந்தார். போகும்போது வாசலில் நின்று, “பத்தொம்பதாந் தேதி தீர்ப்பாம் தாயி. அம்புட்டு வருசம் போட்டா நான் அவன் மொகத்தப் பாப்பேனான்னு தெரியல” என்றார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் அவர் பின்னால் தெருமுனை வரைக்கும் போனேன். கூப்பிடத்தான் போனேன். பஸ் வந்தது, ஏறிவிட்டார். நான் திரும்பி வந்து இந்தத் தாளை எடுத்தேன்.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு உறை இருக்கிறது. அது உன் வக்கீலுக்கு. நாம் அன்று எழுதிக்கொண்டவற்றை, தேதியும் நேரமும் தெரிய, அப்படியே அச்செடுத்து வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் எழுதியதிலிருந்து என் கையெழுத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றும், அந்த வழியில் போகச் சொன்னதும் காத்திருக்கச் சொன்னதும் நான்தான் என்றும் நீதிபதிக்கு எழுதியிருக்கிறேன். இதனால் உன் தண்டனையில் ஒரு நாளாவது குறையுமா என்று எனக்குத் தெரியாது. வண்டி ஓட்டியது நீதானே என்று அவர்கள் சொல்லலாம். மாறன் எப்படியும் வரப்போவதில்லை. எனக்கு இதில் எந்த நிம்மதியும் கிடைக்காது, அதற்காக இதைச் செய்யவும் இல்லை. மன்சூர் விமானம் ஏறியதும் மாறன் அப்பாவிடம் சொல்வேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று என்னால் யோசிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னாளப்பட்டிக்கு நானே போய் உன் அம்மாவிடம் சொல்வேன். இந்த முறை தரையில் உட்கார வேண்டியவள் நான்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். வக்கீல் அந்த உறையைப் பிரித்துவிட்டு உன்னைக் கேட்பார். அப்போது, அம்மா துக்கத்தில் ஏதோ எழுதுகிறார்கள், அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிடாதே. நீ சொல்லக்கூடியவன். “ஆமாம்” என்று சொல். நான் எது கேட்டும் நீ மறுத்ததில்லை, அப்பு. மறுத்திருக்க வேண்டிய இரண்டு தடவையும் நீ மறுக்கவில்லை. இந்த ஒன்றையும் மறுத்துவிடாதே.

நன்றாக இரு என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. உயிரோடு இரு.

இப்படிக்கு,
மாறனைப் பெற்றவள்,
காளீஸ்வரி