சில்லுக்குள் விட்ட எண்ணெய்

1991 ஆவணி, வியாழன் இரவு

பிள்ளை நித்திரை. எனக்குத்தான் வரவில்லை.

எங்கள் காரின் பிறேக் ஒரு கிழமையாகக் கத்தியது. இவர் கேற்றடியில் வந்து நிறுத்தும்போதெல்லாம் பிள்ளை திடுக்கிட்டு எழும்பி அழும். கிணற்றுக் கப்பி கத்தினால் எண்ணெய்தானே விடுகிறோம். நேற்று இவர் குளிக்கப் போன நேரம், தையல் மெசின் எண்ணெய்க் குப்பியின் மூக்கை முன்சில்லின் ஓட்டைக்குள் விட்டு அழுத்தினேன். பௌதிகம் படித்த பட்டதாரி நான். உராய்வில்தான் பிறேக் பிடிக்கும் என்பது நினைவுக்கே வரவில்லை.

இன்று சத்தமில்லை. சுன்னாகம் சந்தையடியில் வெங்காய வண்டில் ஒன்று குறுக்கே வந்தது. இவர் மிதித்தும் கார் நிற்காமல், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் மதகில் முட்டியது. பிள்ளை என் மடியில் இருந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

மெக்கானிக் மணியண்ணை சில்லைக் கழற்றிப் பார்த்தார்.

"தம்பி, உதென்ன, பிறேக்கைத் தாளிச்சனீரோ? ஒரே எண்ணெய்!"

"போன மாசம் பூட்டினது நீங்கள்தானே அண்ணை? உங்கடை வேலைதான் உது," என்று இவர் கத்தினார்.

மணியண்ணையின் முகம் கறுத்துப்போனது. எண்ணெய் விட்டது நான்தான் என்று சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனேன். சண்டையால் சாமான் வராத காலம், புது பிறேக் லைனிங் எங்கும் இல்லை. அந்த மனிதர் பழையதையே துடைத்து, தேய்த்துப் பூட்டித் தந்தார்.

சற்று முன் இவரைத் தட்டினேன். "இஞ்சருங்கோ, அந்த எண்ணெய்..."

"பேசாமல் படும். விடிய அந்தாளின்ரை வேலையைப் பற்றிச் சந்தியிலை எல்லாருக்கும் சொல்லுறன்."

தேத்தண்ணி கொடுக்கும்போது சொல்லலாம். இல்லை, அதற்கு முதலே இவர் சந்திக்குப் போய்விடுவார். இப்போதே எழுப்புகிறேன்.