தொளி படாத கால்கள்

என்கூடப் பிறந்த செல்லமே, தாணு,

நீ கண்ணை மூடின பிறகு, உன் நினைவாகப் பள்ளிக்கூடத்தார் போடுகிற மலருக்கு எழுதுகிற கடிதம் இது. நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதியை முதலில் கேட்டுக்கொள். மூத்த பேரன் நாகர்கோவிலில் இன்டர்மீடியட் தேறிவிட்டான். அவன் தங்கை ஏழாம் வகுப்பில் முதலாவதாக வந்தாள். இளைய பேரன் கிட்டு நீ உண்டாக்கிய விவசாய ஹைஸ்கூலிலேயே படிக்கிறான். அவன் போட்ட சேனைக்குக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது.

கும்பப்பூப் போகத்துக்கு நெல் நாற்று நட்ட அன்று எடுத்த படம் ஒன்றைப் பள்ளிக்கூடத்திலிருந்து தபாலில் அனுப்பியிருந்தார்கள். நடுவில் கிட்டு, கையில் நாற்றுமுடியோடு, வெள்ளைச் சட்டையில் நிற்கிறான். வகுப்பில் பாதிப் பேரைக் காணவில்லை. நிற்கிற ஒருவன் காலிலும் தொளி இல்லை. சேற்றில் இறங்காமல் எப்படியடா நடுவது?

விடுமுறைக்கு வந்தவனை வாசலிலேயே நிறுத்தினேன்.

“ஏலே, காலு இவ்வளவு சுத்தமா இருக்கே, பறந்துகிட்டா நட்டே?”

“நாங்க நடல்ல ஆச்சி. அவனுவதான் நட்டானுவ. படத்துக்கு எங்கள நிக்கச் சொன்னாங்க.”

“அவனுவன்னா யாரு? பேரு கிடையாதா?”

“செல்லையா, முத்தன்... கூலிக்காரங்க வீட்டுப் பயலுவ.”

“உங்கூடப் படிக்கவனுவதானலே? கஞ்சி எங்க குடிச்சானுவ?”

தலையைக் குனிந்துகொண்டான். “தொழுவத்துக்குப் பின்னால.”

தம்பி, கேட்டாயா இதை?

முள்ளும் கல்லுமாய்க் கிடந்த இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டு நீ முதல் வகுப்பு நடத்தினாய். இன்று ஓட்டுக் கட்டடம், கிணறு, தொழுவம், வயல் எல்லாம் ஆகிவிட்டன. “ஆம்பளப் பிள்ள நாத்து நடுகதா? அது பொம்பளைய வேலைல்லா?” என்று அன்று ஊர்ப் பெரியவர்கள் சிரித்தார்கள். “தொளியில இறங்காதவனுக்குக் கஞ்சி கிடையாது. இறங்கினவனுவளுக்கு ஒரே பந்திதான்” என்றாய். அந்த ஒரு பந்திக்காக என் மகள் கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் வரவில்லை. உன்னை நான் ஒரு சொல் சொன்னேனா?

வண்டி பூட்டிப் போய் ஹெட்மாஸ்டரைக் கண்டேன். “பெரிய வீட்டுக்காரங்க பிள்ளைகள நிப்பாட்டிருவோம்னு சொல்லுகாங்க அம்மா. பள்ளிக்கூடம் நடக்கணும்லா?” என்றார்.

“அப்ப வயல் எதுக்கு? தூர்த்துப்போட்டு நாடகக் கொட்டகை கட்டுங்க. வேஷம் போட வசதியா இருக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யார் அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள்? நாமும்தானே? அதுதான் எனக்கு ஆறவில்லை.

உனக்கு வாக்குத் தருகிறேன். அடுத்த நடவுக்குக் கஞ்சியும் பயறும் நம் வீட்டிலிருந்து போகும். நானே நின்று விளம்புவேன். ஒரே பந்தி. கிட்டு, செல்லையாவுக்கும் முத்தனுக்கும் நடுவில் உட்காருவான். வயலில் இறங்காவிட்டால் அவனுக்கும் கஞ்சி இல்லை. பேரன் என்று பார்க்க மாட்டேன்.

வந்த படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இதைப் படிக்கிற பள்ளிக்கூடத்தாரே, அந்த அடுத்த நடவன்று எல்லாப் பிள்ளைகளையும் முழங்கால் தொளியோடு நிறுத்திப் புதுப் படம் எடுங்கள். எடுத்து எனக்குத் தபாலில் அனுப்புங்கள்.

உன் பந்தியில் அகப்பை பிடிக்கப் போகும்
அக்கா