முடிவு வந்த சாயங்காலம்

இன்று காலை மழையில் நனைந்து வந்த ஐஸ் பெட்டியைத் திறந்தேன். ஈரத் தெர்மாகோலும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. அதைக் கொண்டுவந்த, உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் நல்லவள்தான். ஆனாலும் அவளுக்குப் பின்னால் உன்னைத் தேடினேன்.

எத்தனை வருடம் அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் சந்துகளில் அலைந்தாய். வாராவாரம் அதே வீடுகள். காய்ச்சல் என்றால் மூக்கிலிருந்து சளி எடுப்பாய். இல்லையென்றால் இல்லை என்று எழுதுவாய். எந்தப் பருவத்தில் எந்த ஃப்ளூ வருகிறது, அது எப்படி மாறுகிறது என்று ஊரையே கவனிக்கிற வேலை. பரிசோதனைக் கூடத்திலிருந்த எனக்கு அந்த வீட்டு மனிதர்கள் எண்களாகத்தான் வந்தார்கள்.

தீபாவளி நெருங்கிய அந்தச் சாயங்காலம் ஒரு சளி மாதிரியில் ஃப்ளூ உறுதியானது. போனில் எண்ணைச் சொன்னேன். அது செல்வி என்று உனக்கு உடனே தெரிந்தது.

"ஏழு மாசம்டி அவ."

கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் எவ்வளவு சீக்கிரம் நெஞ்சில் இறங்கும் என்று இருவருக்கும் தெரியும். செல்வியின் போன் அணைந்திருந்தது. நானும் உன்னோடு கிளம்பி வந்தேன்; வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா, "தி. நகர் துணிக்கடைக்கு வேலைக்குப் பூட்சிம்மா. சீசனாச்சே, லீவு குடுக்க மாட்டாங்க" என்றார்.

தி. நகரில் ஆட்டோ நகரவில்லை. இறங்கி நடந்தோம். கூட்டத்துக்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாய். கடையின் இரண்டாம் மாடியில், புடவைக் கட்டுகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள் செல்வி. உன்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள், மூச்சு போதவில்லை.

"நீங்க யாரு?" சூப்பர்வைசர் குறுக்கே நின்றார்.

"அவ அக்கா. வழி விடுங்க." உன் குரல் உயரவில்லை. அவர் விலகினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ உட்காரவே இல்லை. "நேத்தே மாத்திரை குடுத்திருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். அவளுக்கு ஆக்சிஜனை எடுத்த அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாய். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது.

அதன் பிறகு நடந்த கூட்டத்தில் மேலதிகாரிகளிடம் கேட்டாயே: "வைரஸ் மாறுறத பாக்கறோம், சரி. படுத்திருக்கறவங்களுக்கு யாரு சொல்றது?" கர்ப்பிணி, குழந்தை, முதியவர் என்றால் முடிவை அன்றே சொல்ல வேண்டும் என்பது அப்படித்தான் விதியானது.

போன வருடம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனபோது யாருக்கும் எதுவும் செய்ய அவகாசமில்லை. அது இன்னும் ஆறவில்லை.

இப்போதெல்லாம் முடிவு வந்ததும் முதலில் நோயாளியின் வீட்டுக்குப் போன் போடுகிறேன். மறுமுனையில் யாராவது "ஹலோ" சொல்லும் வரை என்னாலும் உட்கார முடிவதில்லை.