நான் விரித்த கம்பளம்

ஜூன் 10, 1975. செவ்வாய்

மழை. டிராமுக்கு ஓடியதில் சேலைக் கரை முழுக்கச் சேறு. மெல்பேர்ணில் இரண்டு குளிர்காலம் போயும் எனக்குப் புத்தி வரவில்லை. நாளைக்குக் காற்சட்டைதான்.

நான் ஒலிப்பதிவு செய்யும் ஸ்டூடியோவுக்கு இன்று நோர்வேக்காரர் இருவர் வந்தார்கள். அக்கா தூரிட், தம்பி ஹால்வார். இருவரும் வயலின். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவர்கள் ஊர் ஆட்டப் பாட்டுகள். மறுபக்கத்தில் இந்தக் காலத்து இசையமைப்பாளர் ஒருவர் எழுதிய நீண்ட உருப்படி. அது எங்கே தொடங்கி எங்கே போகிறதென்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் ஒத்திகையில் கேட்கக் கேட்க மயிர்க்கூச்செறிந்தது. தூரிட் வாசிக்கும்போது பலகைத் தரையைத் தொம் தொம்மென்று காலால் மிதிக்கிறாள். அது மைக்கில் அப்படியே விழுகிறது.

கொழும்பு வானொலியில் நான் வேலை செய்தபோது, பாட வருகிற வித்துவான்கள் தொடையில் அடித்துத் தாளம் போடுவார்கள். மடியில் தலையணையை வைத்துவிடுவோம். அந்த நினைப்பில் அலுவலக அறைக் கம்பளத்தை இழுத்து வந்து இருவர் காலுக்கும் கீழே விரித்தேன். ‘இதுதான் மூளை’ என்றார் முதலாளி ரெக்ஸ். தூரிட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூன் 11

சரிவரவில்லை. நேற்று ஒத்திகையில் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி வாசித்த இருவர் இன்று ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். தம்பிதான் பிந்துகிறான், இல்லாவிட்டால் முந்துகிறான். ரெக்ஸ் முகம் கடுகடுவென்று இருக்கிறது.

ஜூன் 12

இன்றும் அப்படியே.

ஜூன் 13. வெள்ளி

ரெக்ஸ் முடிவாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையும் சரிவராவிட்டால் தம்பியின் இடத்தில் உள்ளூர் வயலின்காரர் ஒருவரைப் போடுவாராம். ஹால்வாருக்கு இதுதான் முதல் இசைத்தட்டு.

தேத்தண்ணி அறையில் தூரிட் அழுதுகொண்டு நின்றாள். எனக்கு யாரையும் தேற்றத் தெரியாது. கோப்பையைக் கழுவுவதுபோல் நின்றேன். அவளாகவே சொன்னாள். சில வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சலில் தம்பியின் காது போய்விட்டதாம். பேச்சை உதடு பார்த்துச் சமாளிக்கிறான். தன் வயலினின் ஒலி தாடை எலும்பு வழியாக அவனுக்கு எட்டிவிடும், அக்காவுடையது எட்டாது. அவள் மிதிப்பதுதான் பலகை வழியாக அவன் உள்ளங்காலுக்குப் போகும். அதை வைத்தே அவளோடு சேர்ந்து வாசிக்கிறான். அவர்கள் ஊர் வயலின்காரர்கள் எல்லாருமே காலால் மிதிப்பவர்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

‘யாரிடமும் சொல்லிவிடாதே. தெரிந்தால் அவனை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்’ என்றாள்.

ஐயோ, என்ட கம்பளம். ஆர் கேட்டது என்னை? எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் போய் விரிச்சனே!

ஜூன் 15. ஞாயிறு

வீட்டில் இவரிடம் மட்டும் சொன்னேன். ‘கம்பளத்தை எடுத்துப்போட்டுப் பேசாமல் இரும். ரெக்ஸ் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதையும்’ என்றார். நான் பேசாமல் இருந்த நாள் எது?

ஜூன் 16. திங்கள்

நேரத்தோடு போய்க் கம்பளத்தைச் சுருட்டி மூலையில் வைத்தேன். தூரிட் என் கையை ஒருதரம் இறுக்கிப் பிடித்தாள். ஹால்வார் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றான். வாசித்தார்கள். கடவுளே, என்ன வாசிப்பு! இரண்டு வயலினில் எது எவருடையது என்று ஒலிப்பதிவுக் கருவியில் இருந்த எனக்கே தெரியவில்லை.

முடிந்ததும் ரெக்ஸ் வந்தார். ‘அருமை. ஆனால் இந்த இடியை யாருக்கு விற்பது? கம்பளத்தைப் போட்டு இன்னொருமுறை.’ தூரிட் மாட்டேனென்றாள். ஏனென்று கேட்டார். மாட்டேனென்றே திரும்பவும் சொன்னாள். அவர் கத்தத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. ‘அந்த மிதி இல்லாவிட்டால் அவரால் வாசிக்க முடியாது, அவருக்குக் காது கேட்காது’ என்று சொல்லிவிட்டேன். அவனுக்காகத்தான் சொன்னேன். ரெக்ஸ் இரக்கப்படுவார் என்று நினைத்தேன்.

ரெக்ஸ் சிரித்தார். ‘செவிட்டு வயலின்காரனா?’

ஹால்வார் என் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கோபப்படவில்லை. வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டான். கயிறு கட்டி முடிக்க நெடுநேரம் எடுத்தது.

இவர் சொன்னவர்தானே, வாயைத் திறக்காதையும் எண்டு. ஏன் திறந்தனான்? ஏன்?

ஜூன் 18

உள்ளூர்க்காரர் வந்தார். ஒரே பின்னேரத்தில் முடிந்துவிட்டது. தூரிட்டை வாசிக்கச் சொல்லி வற்புறுத்தியதே ஹால்வார்தானாம். அவள் என்னோடு பேசவில்லை. இன்றும் கம்பளத்தை விரித்தது நான்தான்.

ஜூன் 24

ஹால்வாரின் அந்தத் திங்கட்கிழமை வாசிப்பு இருந்த நாடாவை அழித்துப் பாவிக்கச் சொன்னார் ரெக்ஸ். வேண்டாத நாடாவை இங்கே அப்படித்தான் செய்வோம். ஒளித்துவைப்போமா என்று மத்தியானம் வரை யோசித்தேன். துணிவு வரவில்லை. அதன் மேல் சலவைத்தூள் விளம்பரம் ஒன்றைப் பதிந்தேன்.

செப்டம்பர் 3

மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். தூரிட்டின் பதில் ஒரு தபாலட்டையில் வந்தது. தம்பி மரம் அரியும் ஆலைக்கு வேலைக்குப் போகிறான். அங்கே எல்லாருமே காதை அடைத்துக்கொண்டுதான் நிற்பார்களாம். வயலினைத் தொடுவதில்லை. மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ எழுதவில்லை.

நவம்பர் 21. வெள்ளி

இசைத்தட்டு வந்துவிட்டது. முன்னட்டையில் தூரிட்டின் பெயரும் உள்ளூர்க்காரரின் பெயரும். பின்னால் சின்ன எழுத்தில், ஒலிப்பதிவு: நாகேஸ்வரி சிவபாலன். இந்த நாட்டில் என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல்தரம்.

இவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து கேட்டார். ‘நல்ல துப்புரவா இருக்கப்பா, ஒரு இரைச்சலும் இல்லை’ என்றார். பழையதை மறந்துவிட்டார் போல. ஓம், துப்புரவுதான்.

இவர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன பிறகு மறுபக்கத்தைப் போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் உள்ளங்காலை அழுத்தி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இந்த வீட்டிலும் சுவருக்குச் சுவர் கம்பளம்தான்.