இரண்டு வாரம், நாக்கின் இடது ஓரம்

தண்டர் பே,
ஏப்ரல் 11

அன்புள்ள ஜோஸலினுக்கு,

மாரிட் எழுதுகிறேன். என் வலது கட்டைவிரல் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் உன் அக்கா வீட்டாரும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று வருஷமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் இரண்டு வரி மட்டும் எழுதிக்கொண்டிருந்தவள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அடுப்படியில் நின்றபடியே படித்துவிட்டேன். அடுப்பில் இருந்த சூப் அடிபிடித்துப் போனது. உன் ஊர்ப் பக்கம் கார்னர் புரூக்கில் ஒரு பல் கிளினிக்கில் வாரம் மூன்று நாள் பல் சுத்தம் செய்யும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், மே மாத முதல் திங்கட்கிழமை தொடங்குகிறாய் என்று படித்ததும், அந்தக் கருகிய சூப்பையே சந்தோஷமாகக் குடித்தேன்.

ஏரியில் பனி உடைந்துவிட்டது. சென்ற வாரம் முதல் கப்பல் வந்தது. நாங்கள் எல்லாரும் வேலை நேரத்தில் ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தோம். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர்கூட எச்சில் உறிஞ்சும் குழாயோடு எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

சரி, நீ கேட்டவற்றுக்கு வருகிறேன். கருவிகள் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. மாறியது நம் உடம்புதான். நாற்பத்தேழு வயதில் இருபத்தேழு வயதுபோல் குனிந்து வேலை செய்ய முடியாது. முதல் நாளே உன் முக்காலியை உயர்த்திக்கொள். தொடை கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நோயாளியின் தலையை உன் பக்கம் திருப்பச் சொல். நீ அவர் பக்கம் வளையாதே. "இன்னும் கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்று சொல்ல நமக்கு ஏனோ கூச்சம். இருபது வருஷம் கூச்சப்பட்டதற்குத்தான் என் கழுத்து இப்போது வட்டி கட்டுகிறது.

கை நடுங்குகிறது, காரை சுரண்டும் ஸ்கேலரை இறுக்கிப் பிடிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நடுக்கத்தை விடு. அந்த இறுக்கம்தான் கெட்டது. கருவி மழுங்கியிருந்தால் யாருடைய கையும் இறுக்கத்தான் செய்யும். அந்தக் கிளினிக்கில் யார் சாணை பிடிக்கிறார்கள் என்று கேள். யாரும் இல்லை என்றால் உன் சாணைக்கல்லை எடுத்துப் போ. காரை கனமாக இருக்கும் வாயில் முதலில் அதிர்வுக் கருவியை வைத்து உடைத்துவிட்டு, மீதிக்கு மட்டும் கையால் போ. இன்னொன்று, சொன்னால் சிரிப்பாய். கையுறையை ஒரு அளவு பெரிதாக மாற்று. நான் இத்தனை வருஷம் சின்ன அளவையே போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். மாற்றியதும் பாதி வலி போனது. மீதிப் பாதிக்குத்தான் ஜூன் மாதம் கட்டைவிரலில் கத்தி வைக்கிறார்கள். சின்ன அறுவைதான், பயப்படாதே.

ஒரு ஆளுக்கு நாற்பது நிமிஷம் என்று சொன்னார்களாமே. ஒத்துக்கொள்ளாதே. ஒரு மணி நேரம் கேள். கெஞ்சிக் கேட்காதே, கோபமாகவும் கேட்காதே. "ஈறு ஆழம் அளக்கணும், வாய் முழுக்கப் பாக்கணும், எழுதி வைக்கணும். நாப்பது நிமிஷத்துல இதுல எதை விடட்டும், நீங்களே சொல்லுங்க" என்று கேள். நான் அப்படித்தான் கேட்டேன். எதை விடலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நேரம் தந்துவிடுவார்கள்.

சம்பளத்தைப் பற்றிப் பேசும் முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. "எனக்கு ஒண்ணு சந்தேகமா இருந்து, டாக்டர் இல்லைன்னு சொன்னா, அதுக்கப்புறம் என்ன நடக்கும்?" இதைக் கேள். பதில் எதுவானாலும் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள்.

இதை எழுதிய பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மீதி நாளைக்கு.

ஞாயிறு

நேற்று நிறுத்தியதற்குக் காரணம் கை வலி என்று எழுத நினைத்தேன். அது பொய்.

ஆர்ச்சி பொடோலக்கைப் பற்றி எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் நீ இங்கிருந்து போனாய். மூன்று வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். இன்று மீறுகிறேன். இந்த இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிடாதே, ஜோஸ். தயவுசெய்து படி.

மார்ச் மாதம் மூன்றாம் வாரம் அவர் வந்தார். தானியம் ஏற்றிய ரயிலை முப்பது வருஷம் ஓட்டியவர் அல்லவா, அந்தத் தோள் இன்னும் அப்படியே இருக்கிறது. முகம்தான் இளைத்துவிட்டது. நாக்கின் இடது பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. பேச்சு வாயில் கூழாங்கல் போட்டதுபோல் வருகிறது. ஆனால் நன்றாகப் புரிகிறது. கதிர்வீச்சுக் கொடுத்த வாய் என்பதால் பற்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இதுவரை மருத்துவமனையிலேயே பார்த்தார்கள். இனி நம் கிளினிக்குக்கே வரலாம் என்று அனுப்பியிருக்கிறார்கள். புற்று திரும்பி வரவில்லை. சோதனை எல்லாம் சுத்தமாக இருக்கிறது. இதை நீ இரண்டு முறை படித்துக்கொள்.

உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த நியூஃபவுண்ட்லாந்துப் பெண் எங்கே என்பதுதான். ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். ஏன் என்றார். நான் சுற்றி வளைத்து ஏதோ சொன்னேன். அவர் விடவில்லை. கடைசியில், உங்கள் நாக்கில் இருந்த வெள்ளைத் திட்டை விட்டுவிட்டோமே என்று மனசு ஒடிந்து வேலையை விட்டாள், அங்கே சாமான் கடையில் பெயின்ட் விற்றாள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"விட்டுட்டாளா? கோட்டு மாட்டுற இடம் வரைக்கும் என் பின்னாடியே வந்தா. அடுத்த தடவை வர்ற தேதி எழுதின அட்டையை என் கையிலருந்து பிடுங்கி, பின்னால எழுதிக் குடுத்தா. ரெண்டு வாரம், நாக்கு இடது ஓரம், ஆறலைன்னா வாங்கன்னு. நான்தான் மூஸ் மான் வேட்டைக்குப் போயிட்டேன். வந்தப்புறம் வலி இல்ல. வலி இல்லாததுக்கு எவன் டாக்டர்கிட்ட போவான்?"

அந்த அட்டையைத் தன் வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே, வெயில் மறைப்பில் செருகிவைத்தாராம். அது குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் வெயிலுக்கு அந்த மறைப்பை இறக்கியபோது மடியில் விழுந்ததாம். இரண்டு வாரம் என்று எழுதியிருக்கிறதே, எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று அன்றைக்கே மருத்துவரிடம் போயிருக்கிறார். கழுத்துக்குப் பரவ ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு குளிர்காலம் விட்டிருந்தால் கத்தி வைக்கவே ஒன்றும் இருந்திருக்காது என்று சொன்னார்களாம். அவர் மனைவி ஐரீன் அந்த அட்டையைச் சமையலறையில் காந்தம் வைத்து ஒட்டி வைத்திருக்கிறாளாம்.

அட்டை எழுதியதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. எழுதியதையே ஒரு பொருட்டாக நினைக்காமல், நோயாளியின் பதிவில் எழுதவில்லையே, தொலைபேசியில் கூப்பிடவில்லையே என்றுதான் அழுதாய்.

பிறகு அவர் என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு இங்க யாருமே அவகிட்ட சொல்லலையா?" என்று கேட்டார்.

ஜோஸ், இல்லை என்று தலையாட்டினேன். ஏன் சொல்லவில்லை என்பது அதுவரை உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ நல்லவளாக இருந்து யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இப்போது நானே எழுதுகிறேன்.

அந்த அக்டோபரில் நம் கிளினிக் டாக்டர் ஹென்ஷா வந்து ஆர்ச்சியின் நாக்கைப் பார்த்தார். உடைந்த பல் உரசுகிறது, அவ்வளவுதான் என்று பல்லின் முனையைத் தேய்த்துவிட்டுப் போனார். உனக்கு மனம் ஆறவில்லை. கருவி கழுவும் அறைக்கு வந்து என்னிடம் கேட்டாய்: மறுபடி கூப்பிடவா, நிபுணருக்குக் கடிதம் கேட்கவா? நீ இங்கே சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. உன்னை இங்கே சேர்த்துவிட்டவளே நான்தான். நான் கையைக்கூடத் துடைக்காமல் சொன்னேன்: "ஏற்கனவே நாப்பது நிமிஷம் லேட்டு. நோயாளி முன்னாடி அவரை அவமானப்படுத்தாதடி. ஆறு மாசத்துல பாத்துக்கலாம்." நீ என் பேச்சைக் கேட்டாய். உனக்குப் பிடிக்காமல்தான் கேட்டாய். அதனால்தான் கோட்டு மாட்டுகிற இடம் வரை அவர் பின்னால் ஓடியிருக்கிறாய்.

விஷயம் வெளியே வந்த நாளில் ஹென்ஷா நம் எல்லாரையும் உட்காரவைத்து, யாருக்காவது சந்தேகம் இருந்ததா என்று கேட்டார். நீ மட்டும், எனக்கு இருந்தது, அழுத்திச் சொல்லவில்லை என்றாய். நான் மேஜையில் இருந்த காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனா என்று மூன்று வருஷமாக யோசிக்கிறேன். தெரியவில்லை. உன்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டபோதும் நான் சொன்னதெல்லாம் குளிருக்குத் தொப்பி போட்டுக்கொள் என்பதுதான்.

ஆர்ச்சி வந்துபோன அன்று சாயங்காலம் நான் ஹென்ஷாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் வந்து கூப்பிட்டிருந்தா நான் எரிஞ்சுதான் விழுந்திருப்பேன். ஆனா திரும்பப் போய்ப் பாத்திருப்பேன்" என்றார். நோய் கண்டுபிடித்த அந்த வருஷமே அவர் ஆர்ச்சியின் வீட்டுக்குத் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதையும் அன்றுதான் எனக்குச் சொன்னார். நாங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இதையே சுமந்துகொண்டிருந்திருக்கிறோம். நீதான் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாய்.

இங்கே இப்போது எப்படி வேலை நடக்கிறது என்று கேட்டாயே. நீ போனதற்கு அடுத்த மாதத்திலிருந்தே நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் வந்தாலும் சுத்தம் செய்யத் தொடங்கும் முன் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். மெல்லிய காஸ் துணியால் நாக்கைப் பிடித்து இரண்டு ஓரமும், அடியும் பார்க்கிறேன். ஏதாவது தெரிந்தால் எத்தனை மில்லிமீட்டர், என்ன நிறம், எந்த இடம் என்று எழுதி, படம் எடுத்துவிடுகிறேன். பதினான்கு நாளில் திரும்ப வர நேரம் குறிக்காமல் அவரை வாசல் தாண்ட விடுவதில்லை. அப்போதும் இருந்தால் நிபுணரிடம் போகிறார். டாக்டருக்கு ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் போகிறார். ஹென்ஷா முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரே மற்றவர்களை, மாரிட் மாதிரிப் பாருங்கள் என்கிறார். மாரிட் மாதிரி இல்லை, அது ஜோஸலின் மாதிரி என்று இந்த மாதம்தான் திருத்தினேன். கழுத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம் கல்லூரி நாளிலிருந்தே உனக்கு இருந்தது, எனக்கு இல்லை.

பிப்ரவரியில் டார்லீன் என்று ஒருத்தி வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். முப்பத்துநான்கு வயது, சிகரெட் தொட்டதில்லை. நாக்குக்கு அடியில் நான்கு மில்லிமீட்டரில் ஒரு சிவப்பு. பதினான்கு நாள் கழித்து வந்தாள், அப்படியே இருந்தது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை. ஒரு மத்தியானத்தில் வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது கிளினிக் வாசல் வழியாகப் பேருந்து ஓட்டிப் போகும்போதெல்லாம் ஹாரன் அடிக்கிறாள். உள்ளே இருக்கிறவர்கள் பதறுகிறார்கள். நான் பதறுவதில்லை.

அவள் பேசுவதைப் பார்த்தபோது, இந்த நாக்கு முழுசாக இருப்பதில் உனக்குப் பங்கு இருக்கிறது என்று உடனே எழுத நினைத்தேன். எழுதினால் மற்றதையும் எழுத வேண்டியிருக்கும் என்று பயந்து தள்ளிப்போட்டேன். இனி தள்ளிப்போட முடியாது. வேலையை விட்டு முழுதாக மூன்று வருஷம் முடிந்தால் உரிமத்துக்கு மறுபடி பயிற்சி, பரீட்சை என்று உன்னை அலைக்கழிப்பார்கள். அதற்குள் நீ நாற்காலிக்குத் திரும்புகிறாய். என் பொய்யையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நீ அங்கே போய் உட்காரக் கூடாது.

இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை ஹென்ஷாவிடம் கொடுக்கிறேன். அன்று நடந்ததை என் கையெழுத்தோடு தனியாக ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். புதிய கிளினிக்கில் ஏன் பழைய வேலையை விட்டீர்கள் என்று கேட்டால் நீ தலை குனிய வேண்டாம். அதைக் காட்டு. காட்டாமல் கிழித்துப் போடவேண்டும் என்று தோன்றினால் அதுவும் உன் இஷ்டம்.

என்மேல் கோபம் வரும். வரட்டும். தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டு. வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன், இந்த முறை காபிக் கோப்பையைப் பார்க்க மாட்டேன். இனி பேசவே மாட்டேன் என்று முடிவு செய்தாலும் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் என்மேல் உள்ள கோபத்தில் அந்தத் திங்கட்கிழமையை மட்டும் விட்டுவிடாதே.

காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போ. அரை மணி முன்னதாகவே போய் விளக்கையும் முக்காலியையும் உனக்கு ஏற்றபடி வைத்துக்கொள். முதலில் வருகிறவரை நாலு வார்த்தை பேசவிட்டு, அப்புறம் வாயைத் திறக்கச் சொல். உன் ஊர்க்காரர்கள் நாலு வார்த்தையில் நிறுத்த மாட்டார்கள், பரவாயில்லை, உன் கை நிதானத்துக்கு வர அந்த நேரம் உதவும். உன் கைக்கு வரப்போகும் ஒவ்வொருவரும் நல்லபடியாக வீடு திரும்பட்டும். நீயும் மனசு லேசாகி வீடு திரும்ப வேண்டும். கடவுளிடம் அதிகம் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். இதை மட்டும் தினமும் கேட்கிறேன்.

என்றும் உன்,
மாரிட்

பி.கு: ஐரீன் பொடோலக் உன் முகவரி கேட்டாள். உன்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். தரலாமா?