முந்தானை மறைவில் போட்ட ஓட்டு

மார்ச் 11, செவ்வாய்

மாவு மில்லுக்குப் புது பெல்ட் மாட்டியாயிற்று. மிளகாய் வத்தல் வரத்து தொடங்கிவிட்டது. இனி இரண்டு மாதம் எனக்குத் தும்மல்தான்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் ராஜகுரு ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார். கண்மாயில் அவர் மண் அள்ளுவதைச் செல்லத்துரை திருச்சுழி தாலுகா ஆபீசில் மனு கொடுத்து நிறுத்திவிட்டாராம். அதனால், 'செல்லத்துரை வீட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது. சம்மதம், சம்மதமில்லை.' வரிசையாக எல்லோரும் சம்மதம். செல்லத்துரையையும் அவர் மனைவி தெரசாளையும் குழுவைவிட்டு நீக்கவில்லை. பார்த்து வேகட்டும் என்றுதான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தேர்தல் பூத்தில் அட்டை மறைவில் அமுக்குகிற மாதிரி, முந்தானையால் போனை மூடிக்கொண்டு 'சம்மதமில்லை'யை அமுக்கினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 12, புதன்

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

அருப்புக்கோட்டைக் காலேஜிலிருந்து மகள் சுகப்பிரியா போன் பண்ணினாள். "எம்மா, கூறிருக்கா ஒனக்கு? தொட்டுப் பாத்தா யாரு எதுக்குப் போட்டாகன்னு பேரோட காட்டும். நீ மட்டும் தனியா நிக்கிற."

தொட்டுப் பார்த்தேன். நான்தான். பொங்கலுக்கு எடுத்த போட்டோவில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் ராஜகுரு மில் வாசலில் பைக்கை நிறுத்தினார். இறங்கவில்லை. "என்ன மதினி, வெரலு தவறிப் பட்டுருச்சா? இருட்டுறதுக்குள்ள சரி பண்ணிருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீட்டுக்காரர் போனபிறகு இந்த மில்தான் சோறு போடுகிறது, மகளைப் படிக்க வைக்கிறது. ஊர் வராமல் போனால் என்ன செய்வேன்?

எடுத்துவிட்டேன். திரும்ப அமுக்கினால் ஓட்டு போய்விடுகிறது.

மார்ச் 13, வியாழன்

எடுத்தும் பயம் போகலையே — ஏன்?

மார்ச் 15, சனி

தெரசாள் வத்தல் மூட்டையோடு வந்து நின்றாள். அரைக்க வந்திருந்தவர்கள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். போய்விடு தாயே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"அக்கா, அரைச்சுத் தாறீகளா?"

என்னை நம்பி வந்துவிட்டாள், பாவம். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "தெரசா, நான் அந்த ஓட்ட எடுத்துட்டேன்."

"தெரியும்க்கா. அன்னைக்கே பாத்தேன். ஆனா ஒரு நா முழுக்க இருந்துச்சுல்ல? அந்த ஒரு நாதான் எங்களுக்குச் சோறு எறங்குச்சு."

சுவிட்சைப் போட்டேன். மற்றவர்கள் அவரவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

மார்ச் 17, திங்கள்

காலையிலேயே என் பேரைப் போட்டுப் புது ஓட்டெடுப்பு. 'தங்கச்செல்வி மில்லுக்கு யாரும் போகக் கூடாது.' மளமளவென்று சம்மதம் ஏறுகிறது. போன வாரம் என்னிடம் அரைத்தவர்கள்தான்.

'சம்மதமில்லை'யில் யார் என்று தொட்டுப் பார்த்தேன். ஒரே பேர். தெரசாள்.

மில்லைத் திறந்தேதான் வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். பொழுது சாய்ந்துவிட்டது. அந்தப் பேர் இன்னும் அங்கேயே இருக்கிறது.